ஷாத்தோநெஃப்-து-பாப்: ஒரு கலப்பு ஒயினின் குணமும் அதன் பெயரைக் காத்த வழக்கும்

ஷாத்தோநெஃப்-து-பாப் என்பது பிரான்சின் தென்கிழக்கில், ரோன் ஆற்றின் இடக்கரையில், அவிஞோன், ஒராஞ்ச் ஆகிய நகரங்களுக்கு இடையே உள்ள ஒரு சிற்றூர். இவ்வூரிலும் இதைச் சூழ்ந்த பெதாரிட், கூர்த்தேசோன், ஒராஞ்ச், சோர்க் ஆகிய ஊர்களின் சில பகுதிகளிலும் விளையும் திராட்சையிலிருந்து செய்யப்படும் ஒயினுக்கும் இதுவே பெயர். அதில் மிகப் பெரும்பங்கு சிவப்பு ஒயின். சிறிதளவு வெள்ளை ஒயினும் உண்டு. பல திராட்சை வகைகளைக் கலந்து செய்யப்படும் இந்தச் சிவப்பு ஒயின் உலகப் புகழ் பெற்றது. பிரான்சு நாட்டின் 'தோற்ற இடப் பெயர்' சட்டம் உருவாவதற்கு முன்மாதிரியாக அமைந்தது இவ்வூரின் விதிகளே என்பது வரலாற்று மாணவர்களுக்கு அதைவிட முக்கியமான செய்தி.

ஊரின் பெயருக்குத் 'திருத்தந்தையின் புதுக்கோட்டை' என்று பொருள். இதனால் இந்த ஒயினின் சுவையைத் திருத்தந்தையர் உருவாக்கியதாகப் பலரும் எழுதிவருகின்றனர். அது உண்மையன்று. இன்று நாம் அறியும் கலவை, 19ஆம் நூற்றாண்டில் கொடிகளை அழித்த ஒரு பூச்சிக்கும், 20ஆம் நூற்றாண்டில் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்குக்கும் பிறந்தது.

இங்கு ஒரு சொல் விளக்கம் தேவை. ஆங்கிலத்தில் இத்தகைய ஒயினை 'டிரை' என்பர். அதை 'உலர் ஒயின்' என்று தமிழாக்கினால் உலர்ந்த திராட்சையில் செய்தது என்று படிப்பவர் எண்ணிவிடுவார். பழத்திலுள்ள சர்க்கரை அனேகமாக முழுவதும் நொதித்து ஆல்கஹாலாக மாறிவிட்டது, நாவில் இனிப்பு நிற்பதில்லை என்பதே பொருள். எனவே இக்கட்டுரையில் 'இனிப்பற்ற' என்ற சொல்லையே ஆள்கிறேன். நான் மது அருந்துபவன் அல்லன். சுவை பற்றி இங்கே கூறுவன அத்துறையினர் ஒருமித்து எழுதியவையே தவிர என் அனுபவம் அல்ல.

திருத்தந்தையரும் கோட்டையும்

1305இல் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்தாம் கிளமெண்ட் பிரெஞ்சுக்காரர். அதற்கு முன் போர்தோ நகரின் பேராயராக இருந்தவர். அவர் ரோம் செல்லாமல் 1309இல் அவிஞோனில் தங்கினார். அன்று முதல் 1377 வரை ஏழு திருத்தந்தையர் அவிஞோனிலிருந்தே திருச்சபையை ஆண்டனர். போப்பாண்டவர் என்றால் ரோம் என்றே படித்து வளர்ந்த நம் மாணவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

கிளமெண்டுக்குப் பின் வந்த இருபத்திரண்டாம் யோவான் (1316–1334), அவிஞோனுக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஒரு குன்றின் மேல் கோட்டை ஒன்றைக் கட்டினார். கோடையில் தங்கவும், வடக்கிலிருந்து வரும் பகையைக் கண்காணிக்கவும் அது பயன்பட்டது. குன்றின் கீழிருந்த ஊருக்கு அப்போது ஷாத்தோநெஃப் கால்செர்னியே என்று பெயர். பின்னொட்டு அங்கிருந்த சுண்ணாம்புக் காளவாய்களைக் குறிப்பது. ஊரைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்கள் முன்பே இருந்தன. திருத்தந்தையரின் அரண்மனைக்கு அங்கிருந்தும் ஒயின் சென்றது. ஆயினும் கர்தினால்மார் பெரிதும் விரும்பியது வடக்கே பர்கண்டிப் பகுதியின் போன் நகர ஒயினைத்தான். கர்தினால்மார் ரோம் திரும்ப மறுப்பதற்குப் போன் ஒயினின் மீதுள்ள ஆசையும் ஒரு காரணம் என்று இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் தம் கடிதத்தில் கடிந்துகொண்டார். உள்ளூர் ஒயினைப் பற்றி அத்தகைய புகழுரையோ இகழுரையோ அவரிடம் இல்லை.

திருத்தந்தையர் ரோம் திரும்பிய பிறகு கோட்டை பாழடைந்தது. அவிஞோனும் சுற்றுப்புறமும் 1791இல் பிரெஞ்சுப் புரட்சி அரசால் இணைத்துக்கொள்ளப்படும் வரை திருத்தந்தையரின் உடைமையாகவே நீடித்தன. 18ஆம் நூற்றாண்டில் இப்பகுதி ஒயின் 'அவிஞோன் ஒயின்' என்ற பொதுப்பெயரில் விற்றது. ஊரின் பெயர் அதிகாரப்பூர்வமாக ஷாத்தோநெஃப்-து-பாப் என்று மாற்றப்பட்டது 1893இல்தான். யோவான் கோட்டை கட்டி ஐந்தரை நூற்றாண்டுகளுக்குப் பிறகு அவர் பெயரை ஊர் சூடிக்கொண்டது. அதற்குள் ஒயின் விற்பனையில் ஒரு நல்ல பெயரின் மதிப்பு என்னவென்று ஊரார் அறிந்திருந்தனர்.

மூன்று இழப்புகள்

ஷாத்தோநெஃப் அமைந்துள்ள வோக்ளூஸ் மாவட்டம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை திராட்சையை மட்டும் நம்பியிருக்கவில்லை. துணிக்குச் சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி இனச் செடி அங்கு பெருமளவில் பயிரிடப்பட்டது. பட்டுப்புழு வளர்ப்பும் இருந்தது. முதலில் பட்டுப்புழுவைப் 'பெப்ரின்' நோய் தாக்கியது. அதை ஆராயவே லூயி பாஸ்டர் 1865இல் தென் பிரான்சுக்கு வந்தார். 1868இல் ஜெர்மானிய வேதியியலாளர் கிரேபேவும் லீபர்மானும் மஞ்சிட்டியின் சாயப் பொருளான அலிசாரினை ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கினர். சில ஆண்டுகளில் மஞ்சிட்டிப் பயிர் மறைந்தது.

மூன்றாவது அடி திராட்சைக்கு. 1860களின் தொடக்கத்தில், ஷாத்தோநெஃபுக்கு எதிர்க்கரையில் உள்ள கார் மாவட்டத்தில், ரோக்மோர் என்ற ஊரின் சுற்றுப்புறத்தில், திராட்சைக் கொடிகள் காரணம் தெரியாமல் வாடின. இலை மஞ்சளாகிச் சிவந்து உதிரும். மூன்றாம் ஆண்டில் கொடி செத்துவிடும். தோண்டிப் பார்த்தால் வேர் அழுகியிருக்கும். பூச்சி எதுவும் கண்ணில் படாது. (இதே ரோக்மோரில்தான் 1314இல் ஐந்தாம் கிளமெண்ட் இறந்தார். அவிஞோன் திருத்தந்தையர் வரலாற்றிலும் திராட்சை நோய் வரலாற்றிலும் ஒரே சிற்றூர் இடம்பெற்றது தற்செயலே.)

1868 ஜூலையில் மோன்பெலியே நகரத் தாவரவியல் பேராசிரியர் ஜூல் எமில் பிளான்ஷோன் தலைமையில் மூவர் குழு ஒன்று சேன்-ரெமி ஊருக்கு அருகிலிருந்த தோட்டத்தை ஆய்ந்தது. செத்த கொடியை விட்டுவிட்டு, நலமாகத் தோன்றிய கொடியின் வேரைத் தோண்டிப் பார்த்தனர். அங்கே மஞ்சள் நிறத்தில் நுண்ணிய பூச்சிகள் அப்பியிருந்தன. கொடி சாகும் முன்பே அவை வேறு வேருக்குப் போய்விடுவதால்தான் அதுவரை எவர் கண்ணிலும் படவில்லை. அசுவினிப் பூச்சிக்கு உறவான இது பின்னர் ஃபில்லாக்செரா என்று பெயர் பெற்றது. வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட கொடிகளுடன் இது பிரான்சுக்குள் வந்தது. நோயாளியை விட்டு நலமானவனைச் சோதித்த அந்தச் செயலை அறிவியல் ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

1870களின் முடிவுக்குள் ஷாத்தோநெஃப் தோட்டங்களில் பெரும்பாலானவை அழிந்தன. மருந்தடித்தும் நிலத்தை நீரில் மூழ்கடித்தும் பார்த்தனர். இறுதியில் பயன் தந்தது ஒட்டுக்கட்டுதல். அமெரிக்கக் கொடியின் வேர் இப்பூச்சியைத் தாங்கும். அந்த வேர்ப்பகுதியின் மேல் பிரெஞ்சுக் கொடியின் தண்டை ஒட்டி வளர்த்தனர். நோயைக் கொண்டுவந்த நாட்டிலிருந்தே மருந்தும் வந்தது.

கலவை பிறந்த விதம்

தோட்டம் முழுவதும் புதிதாக நட வேண்டியிருந்ததால், எந்தக் கொடியை நடுவது என்ற கேள்வி எழுந்தது. தந்தை நட்டதை மகன் பராமரித்து வந்த ஊரில் அதற்கு முன் இக்கேள்விக்கே இடமில்லை.

இதற்கு ஒழுங்கான விடை தேடியவர் படை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ஜோசப் துக்கோ. அவர் 1877இல் லா நெர்த் என்ற பழைய பண்ணையை வாங்கினார். பத்து வகைத் திராட்சையைத் தேர்ந்து, ஒவ்வொன்றும் கலவைக்கு என்ன தருகிறது என்று பிரித்து, எந்த விகிதத்தில் நட வேண்டும் என்றும் வகுத்தார். வெம்மைக்கும் மென்மைக்கும் கிரெனாஷ், சென்சோ ஆகியவை ஐந்தில் ஒரு பங்கு. நிறத்துக்கும் உறுதிக்கும் நெடுநாள் தாங்குவதற்கும் மூர்வேத்ர், சிரா, முஸ்கார்தேன், வக்காரேஸ் ஆகியவை ஐந்தில் இரண்டு பங்கு. புத்துணர்வுக்கும் நறுமணத்துக்கும் கூனுவாஸ், பிக்பூல் ஆகியவை பத்தில் மூன்று பங்கு. நுண்மைக்கும் ஒளிர்வுக்கும் வெள்ளைத் திராட்சைகளான கிளெரெத், பூர்புலான்க் ஆகியவை எஞ்சிய பத்தில் ஒரு பங்கு.

சிவப்பு ஒயினில் வெள்ளைத் திராட்சையா என்று கேட்கத் தோன்றும். சிவப்பு நிறம் பழத்தோலிலிருந்து வருகிறது, சாற்றிலிருந்து அன்று. கருந்தோல் பழம் பெரும்பகுதியாக இருந்தால் சிறிதளவு வெள்ளைப் பழம் நிறத்தைக் கெடுக்காது, கனத்தை மட்டும் சற்றுத் தணிக்கும்.

துக்கோவின் விகிதத்தை ஊரார் அப்படியே ஏற்கவில்லை. நடைமுறையில் வென்றது கிரெனாஷ். ஸ்பெயினின் அரகோன் பகுதியிலிருந்து வந்ததாகக் கருதப்படும் இந்தக் கொடி வறட்சியையும் கடுங்காற்றையும் தாங்கும். வெயிலில் சர்க்கரை நிறையச் சேரும். எனவே ஆல்கஹாலும் கூடும். இன்று ஷாத்தோநெஃப் தோட்டங்களில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் கிரெனாஷ்தான். ஆனால் தனியே நின்றால் அதற்குக் குறைகள் உண்டு. தோல் மெல்லியது; நிறம் வெளிறும்; புளிப்பு குறைவு; காற்றுப் பட்டால் விரைவில் பழுப்பேறும். இந்தக் குறைகளை மற்ற வகைகள் ஈடுகட்டுகின்றன. சிரா கருமையையும் மிளகை நினைவூட்டும் காரத்தையும் தரும். மூர்வேத்ர் காலம் தாழ்ந்து பழுக்கும். பற்களில் பிடிக்கும் துவர்ப்பைத் தரும். அந்தத் துவர்ப்புதான் ஒயினைப் பல்லாண்டு கெடாமல் நிறுத்துகிறது. சென்சோ மணம் தந்து கனத்தைக் குறைக்கும். கூனுவாஸ் புளிப்பையும் சிறு காரத்தையும் சேர்க்கும்.

இவற்றால் அமையும் ஒயினைப் பற்றிச் சொல்வோர் பெரும்பாலும் ஒரே சொற்களையே ஆள்கின்றனர்: முதலில் பழுத்த செம்பழங்களின் மணம், அடுத்து அப்பகுதிக் கரம்பில் வளரும் தைம், ரோஸ்மேரி போன்ற மூலிகைகளின் மணம், தொண்டையில் வெம்மை, வயதானால் தோல், உலர்ந்த அத்தி போன்ற மணங்கள். பழத்தின் பழுப்பினால் இனிப்பு இருப்பதுபோல் தோன்றும், உண்மையில் இராது. போர்தோ ஒயினின் இறுக்கமான துவர்ப்பும் பர்கண்டி ஒயினின் மென்மையும் அல்லாத வேறொரு குணம் இது. பர்கண்டியின் சிவப்பு ஒயின் ஒரே வகைத் திராட்சையில் செய்யப்படுவது. இதுவோ கலவையாலேயே தன் குணத்தைப் பெறுகிறது.

கல்லும் காற்றும்

இவ்வூர்ப் படங்களில் எப்போதும் காணப்படுபவை, தோட்டம் முழுக்கப் பரவிக் கிடக்கும் உருண்டைக் கூழாங்கற்கள். மண்ணே கண்ணுக்குத் தெரியாது. ஆல்ப்சு மலைப் பாறைகளை ரோன் ஆறு பழங்காலத்தில் உருட்டி வந்து விட்டுச் சென்றவை இவை. பகலில் வெப்பத்தை வாங்கி இரவில் விடுகின்றன என்பர். மண்ணின் ஈரம் விரைவில் காயாமலும் காக்கின்றன. ஆனால் எல்லாத் தோட்டமும் இப்படி இல்லை. மணற்பாங்கான நிலமும் சுண்ணாம்புக்கல் நிலமும் உண்டு. இவ்வூரின் மிக மதிக்கப்படும் பண்ணைகளுள் ஒன்றான ராயாஸ் மணல் நிலத்தில் உள்ளது. ஆகவே கூழாங்கல்லை வைத்தே ஒயினின் குணம் முழுவதையும் விளக்கிவிட முடியாது.

'மிஸ்த்ரால்' எனப்படும் வறண்ட வடகாற்று ரோன் பள்ளத்தாக்கு வழியே பல நாள் தொடர்ந்து வீசும். அது கிளைகளை முறிக்கும். அதே வேளையில் ஈரத்தை உலர்த்திப் பூஞ்சை நோயைத் தடுக்கும். அதனால் கிரெனாஷ் கொடியைப் பந்தலோ கம்பியோ இன்றி, குட்டையாக, கிண்ணம் போன்ற வடிவில் கவாத்து செய்து வளர்ப்பது இவ்வூர் மரபு.

பெயரைத் திருடியவர்கள்

தோட்டம் மீண்டது, விலை மீளவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷாத்தோநெஃப் ஒயினின் பெரும்பகுதி பீப்பாய் பீப்பாயாகப் பர்கண்டி வணிகர்களுக்குப் போனது. வெயில் குறைந்த ஆண்டுகளில் வெளிறிப்போகும் தங்கள் ஒயினுக்கு வலுவூட்ட அவர்கள் அதைச் சேர்த்தனர். 'மருந்து ஒயின்' என்பது அக்காலச் சந்தைச் சொல். இதில் உழைத்தவனின் பெயர் மறைந்தது. மறுபக்கம் ஊரின் பெயர் புகழ் பெற்றதும், வேறெங்கோ விளைந்த மலிவான ஒயின் 'ஷாத்தோநெஃப்-து-பாப்' என்ற சீட்டுடன் விற்பனைக்கு வந்தது. சரக்கு வேறு பெயரில் போயிற்று. பெயர் வேறு சரக்கின் மேல் ஏறிற்று.

இது இவ்வூரின் துன்பம் மட்டுமன்று. பூச்சியால் விளைச்சல் குறைந்த காலத்தில் உலர்திராட்சையையும் சர்க்கரையையும் நீரில் நொதிக்கவைத்து ஒயின் என்று விற்கும் வழக்கம் பிரான்சு முழுவதும் பரவியிருந்தது. விளைச்சல் மீண்டபோது இந்தப் போலிச் சரக்குடன் நல்ல ஒயினும் சேர்ந்து தேங்கியது, விலை சரிந்தது. 1907இல் தென் பிரான்சின் லாங்குதோக் பகுதித் திராட்சை விவசாயிகள் லட்சக்கணக்கில் தெருவில் இறங்கினர். நர்போன் நகரில் படை சுட்டதில் மக்கள் மாண்டனர். உள்ளூர் இளைஞர்களைக் கொண்ட 17ஆம் படைப்பிரிவு கலகம் செய்தது. 1911இல் ஷாம்பாஞ் பகுதியில், எந்த ஊர் எல்லைக்குள் எந்த ஊர் வெளியே என்பதில் கலவரம் மூண்டு வணிகர் மாளிகைகள் எரிந்தன.

1905இல் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. 1919 மே 6ஆம் நாள் சட்டம், பெயரின் எல்லையை நீதிமன்றம் தீர்மானிக்கலாம் என்றது. நேர்மையான, இடையறாத உள்ளூர் வழக்கமே அளவுகோல். ஆனால் அச்சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. எல்லைக்குள் விளைந்திருந்தால் போதும். என்ன வகைத் திராட்சை, எவ்வளவு விளைச்சல், எத்தகைய நிலம் என்று அது கேட்கவில்லை. ஆற்றோர வண்டல் நிலத்தில் ஏராளமாகக் காய்க்கும் மட்டமான கொடியை நட்டுவிட்டும் அதே பெயரில் விற்கலாம்.

பாரன் லெ ருவா

1923இல் ஊர் விவசாயிகள் சிலர், போல் அவ்ரில் என்பவர் முன்னின்று, ஃபோர்த்தியா பண்ணையின் பாரன் பியேர் லெ ருவா த புவாசோமரியே என்பவரை நாடினர். லெ ருவா (1890–1967) சட்டம் படித்தவர். முதல் உலகப்போரில் போர் விமானியாக இருந்தவர். ஃபோர்த்தியா பண்ணை உரிமையாளரின் மகளை மணந்து இவ்வூருக்கு வந்தவர். அதாவது அவர் மருமகன், வெளியூர்க்காரர். பெயர்த் திருட்டைத் தடுக்க வழக்கு நடத்தித் தாருங்கள் என்று கேட்டவர்களிடம் அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: முதலில் நீங்கள் நேர்மையாக நடந்து காட்ட வேண்டும், உங்களை நீங்களே கட்டுப்படுத்திக்கொள்ளச் சம்மதித்தால் வருகிறேன் என்றார்.

அவர்கள் சம்மதித்தனர். அவ்வாண்டு அக்டோபரில் ஊர் விவசாயிகளின் சங்கம் உருவானது. அதன் விதிகளைப் படிக்கும்போது, இது பிறரைத் தடுக்க எழுதியதா, தம்மைத் தாமே தண்டித்துக்கொள்ள எழுதியதா என்ற ஐயம் எழும். லாவெண்டரும் தைமும் ஒருங்கே வளரக்கூடிய வறண்ட நிலத்தில் மட்டுமே கொடி நட வேண்டும். சான்றளிக்க நிலவியலாளர் தேவையில்லை. எந்த விவசாயியும் கண்ணால் பார்த்து அறியலாம். வளமான வண்டல் நிலம் இந்த ஒரே விதியால் வெளியே போய்விட்டது. குறிப்பிட்ட திராட்சை வகைகளே நட வேண்டும். சர்க்கரை சேர்க்காமல், பழத்தின் இயல்பான இனிப்பிலிருந்தே குறைந்தது 12.5 விழுக்காடு ஆல்கஹால் வர வேண்டும். அறுவடையில் நல்ல ஆண்டோ கெட்ட ஆண்டோ, குறைந்தது 5 விழுக்காட்டுப் பழத்தைக் கழித்துவிட வேண்டும். இளஞ்சிவப்பு ஒயின் செய்யக் கூடாது.

கழிக்கும் விதி என்னை மிகவும் ஈர்த்தது. பழம் நன்றாக விளைந்த ஆண்டிலும் நூற்றில் ஐந்தைத் தள்ளு என்பது ஏழை விவசாயிக்கு எளிதான பேச்சா? ஆனால் விதிவிலக்கு ஒன்று வைத்துவிட்டால் ஒவ்வோர் ஆண்டும் 'இந்த ஆண்டு நல்ல ஆண்டு' என்று சொல்ல ஒருவர் இருப்பார். லெ ருவா வழக்கறிஞராகவே அவ்விதியை எழுதியிருக்கிறார்.

சங்கத்திலேயே எல்லாரும் மகிழவில்லை. எல்லைக்கு வெளியே விடப்பட்ட நிலத்தின் உரிமையாளர்களும் வணிகர்களும் எதிர்த்தனர். வழக்கு ஒராஞ்ச் நீதிமன்றத்துக்குச் சென்றது. வல்லுநர்கள் நிலத்தை நேரில் ஆய்ந்தனர். இதற்கிடையே, நாடாளுமன்ற உறுப்பினரும் வேளாண் அறிஞருமான ஜோசெஃப் கப்புஸ் முயற்சியால் 1927இல் வந்த சட்டம், நிலத்தின் தன்மையையும் திராட்சை வகையையும் கருத வேண்டும் என்று 1919 சட்டத்தின் ஓட்டையை ஓரளவு அடைத்தது. 1929இல் தீர்ப்பு சங்கத்துக்குச் சார்பாக அமைந்தது. மேல்முறையீடுகளுக்குப் பின் 1933 நவம்பரில் பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தொடங்கிப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

1935 ஜூலை 30ஆம் நாள் அரசாணை, ஊர்தோறும் வழக்காடும் வேலையை நாடு தழுவிய ஒரு குழுவிடம் ஒப்படைத்தது. கப்புஸ் அதன் தலைவர். லெ ருவாவும் அதை உருவாக்கியவர்களுள் ஒருவர். 'கட்டுப்படுத்தப்பட்ட தோற்ற இடப் பெயர்' என்ற தகுதி பிறந்தது. 1936 மே 15 அன்று முதல் ஆணைகள் வெளியாயின. ஷாத்தோநெஃப்-து-பாப் அந்த முதல் வரிசையில் இருந்தது. லெ ருவா 1947 முதல் இறக்கும் வரை அந்த அமைப்பின் தலைவராக இருந்தார்.

பதின்மூன்று என்ற எண்

இந்த ஒயினில் 13 வகைத் திராட்சை கலக்கப்படுகிறது என்று பல இடங்களில் காணலாம். திருத்த வேண்டிய செய்தி இது. 13 வகைகளுக்கு அனுமதி உண்டு. 13ஐயும் கலக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. துக்கோவின் பத்துடன் தெரே நுவார், ரூசான், பிக்கார்தான் ஆகியவை சேர்ந்தால் பதின்மூன்று ஆகிறது. 2009 முதல் ஒரே வகையின் கருப்பு, வெள்ளை, இளஞ்சிவப்பு நிறங்களைத் தனித்தனியே எண்ணுவதால் பட்டியல் 18 ஆனது. பெரும்பாலோர் மூன்று நான்கு வகைகளுடன் நிறுத்திக்கொள்கின்றனர். சிலர் கிரெனாஷ் ஒன்றையே பயன்படுத்துகின்றனர். பதின்மூன்றையும் நட்டுப் பேணும் பண்ணைகள் மிகச் சில. போகாஸ்தெல் அவற்றுள் பெயர் பெற்றது. எனவே 13 என்பதை ஒயினின் செய்முறையாகக் கொள்ளக் கூடாது. 1930களில் ஊரார் தோட்டங்களில் என்னென்ன இருந்தன என்பதற்கான கணக்கெடுப்பாகவே அதைப் படிக்க வேண்டும்.

பின்னைய செய்திகள்

1937இல் ஊரார் தங்களுக்கெனத் தனிப் புட்டி ஒன்றை வடிவமைத்தனர். திருத்தந்தையின் முடியும் சாவிகளும் அதன் கண்ணாடியிலேயே புடைத்து நிற்கும். சீட்டை மாற்றி ஒட்டலாம், கண்ணாடியை மாற்ற முடியாது. 1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மன் படை கோட்டையில் வைத்திருந்த வெடிபொருளை வெடிக்கச் செய்தது; கோபுரத்தின் ஒரு பாதி மட்டும் இன்றும் நிற்கிறது. 1954இல் பிரான்சு முழுவதும் பறக்கும் தட்டு பற்றிய பேச்சு பரவியபோது, ஊர் மேயர் லூசியேன் ஜேன், பறக்கும் தட்டுகள் ஊர் எல்லைக்கு மேல் பறக்கவோ இறங்கவோ தடை விதித்து, மீறி இறங்கினால் பறிமுதல் செய்யப்படும் என ஆணையிட்டார். விளம்பரம் தேடிய வேடிக்கைதான். இருந்தாலும், எல்லையை இவ்வளவு பாடுபட்டு வரைந்த ஊர் வானத்தையும் விட்டுவைக்கவில்லை.

இவ்வூரில் வடிவம் பெற்ற கருத்து பிரான்சோடு நிற்கவில்லை. தோற்ற இடப் பெயர்களுக்கான லிஸ்பன் உடன்படிக்கை (1958), உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கை ஆகியவற்றின் வழியாக அது உலகெங்கும் சென்றது. அந்த இரண்டாம் உடன்படிக்கையின் கடமையால் இந்தியா 1999இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் இயற்றியது. 2003 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. பதிவகம் சென்னை கிண்டியில் உள்ளது. டார்ஜிலிங் தேயிலை முதலாவதாகவும், பின்னர் காஞ்சிபுரம் பட்டு, மதுரை மல்லி, பழனி பஞ்சாமிர்தம் முதலியனவும் அங்கே பதிவாயின. பதிவு செய்தவர்களில் எத்தனை பேர் பழனியிலோ காஞ்சியிலோ தங்களுக்கென ஒரு 'ஐந்து விழுக்காட்டு விதி' எழுதிக்கொண்டார்கள் என்பது தனியே ஆராயத்தக்கது.

இன்று ஷாத்தோநெஃப் தோட்டங்கள் சுமார் 3,200 ஹெக்டேர். ஒரு ஹெக்டேரில் 3,500 லிட்டருக்கு மேல் ஒயின் எடுக்க அடிப்படை விதி இடம் தருவதில்லை. அறுவடை கையால்தான். மாறியிருப்பது வெயில். 1923இல் 12.5 விழுக்காட்டை எட்டுவது ஒரு தேர்வாக இருந்தது. இப்போது கிரெனாஷ் நன்கு பழுத்தால் 15 விழுக்காட்டையும் தாண்டிவிடுகிறது. குறைந்த அளவை எப்படி எட்டுவது என்று யாரும் கவலைப்படுவதில்லை. கூடுவதை எப்படித் தடுப்பது என்பதே பேச்சு. ஆகவே நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டிருந்த கூனுவாஸ், பிக்பூல் போன்ற புளிப்புள்ள வகைகளைச் சில பண்ணைகள் மீண்டும் நட்டுவருகின்றன.